நீ வெள்ளையா இருந்தா எனக்கென்ன

இதை எனக்கு முதலில் சொன்னது எப்சிபாவேதான். போன ஆகஸ்டில், உபவாசக் கூட்டம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடிக்கப் போன பிறகு, நானும் அவளும் மட்டும் சபைக் கூடத்துப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மதியம். வரிசைப்படுத்திச் சொல்ல அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வராது. அவள் மனசு போன வழியிலேயே நானும் போய்ப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம், தூத்துக்குடியில் துறைமுகச் சாலையோரத்து மைதானம். கம்பித் தடுப்பைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் எப்சிபாவுக்குத் தோன்றியது, இத்தனை கறுப்புச் சட்டைக்கு நடுவில் என் சேலை கடலில் நிற்கிற கப்பலுக்குக்கூடத் தெரியுமே என்பதுதான். வெள்ளை வாயில் சேலை, காதில் கழுத்தில் ஒன்றும் கிடையாது. எங்கள் சபையில் ஜெபத்துக்குப் போகிற பெண்ணின் கோலம் அது, ஊரில் யார் பார்த்தாலும் எந்தக் கூட்டத்துக்காரி என்று சொல்லிவிடுவார்கள். பீரோவில் நீலச் சேலை ஒன்று இருந்தது, மகள் வாங்கிக் கொடுத்தது. அதைக் கையில் எடுத்து, விரித்து, கொஞ்ச நேரம் பார்த்து, மறுபடி மடித்து வைத்துவிட்டுத்தான் வெள்ளையை உடுத்தினாள். ஒளிந்து போகிறவள் நீலம் உடுத்தட்டும். நான் எதுக்கு ஒளியணும், ஐம்பது தாண்டிப் பேரப்பிள்ளை எடுத்தவள், தம்பிகூடப் பாட்டுக் கேட்கப் போகிறேன், இதில் ஒளிய என்ன இருக்கு என்று வீட்டில் நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இங்கே வந்தபின் முதுகு கொஞ்சம் கூசியது. முன்னால் சீலாஸ் அவளுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் தோளில் மாட்டிக்கொண்டு, வழி விடுங்கப்பா, அக்கா வாராங்க, அக்கா வாராங்க என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். அவள் தம்பி. பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், தலை பாதி நரைத்தவன், அவனும் கறுப்பு டீசர்ட் போட்டிருந்தான், அதில் 'உப்பளம்' என்று வெள்ளை எழுத்து. வயிற்றுக்கு மேலே வந்ததும் எழுத்து இழுபட்டு அகலமாகிவிட்டது. உப்பளம் என்பதுதான் அந்தப் பாட்டுக் கூட்டத்தின் பேர். இந்த ஊர்ப் பையன்கள் நாலு பேர், கரண்டு கிட்டாரும் டிரம்முமாக, அந்தக் காலத்தில் கேசட் போட்டுப் பேர் வாங்கி, சண்டை போட்டுப் பிரிந்து, இப்போது தலை வழுக்கையான பிறகு சேர்ந்து முதல் தடவையாகச் சொந்த ஊரில் பாடுகிறார்கள். சீலாஸ் டிக்கெட் இரண்டு வாங்கிக்கொண்டு வந்து அவள் அடுக்களை வாசலில் நின்றான். பெண்டாட்டிய கூட்டிட்டுப் போகக்கூடாதால என்று கேட்டதற்கு, அவளுக்கு ஒரு பாட்டும் தெரியாது யக்கா, உனக்குத்தான் எல்லாம் தெரியும் என்றான். அந்த வார்த்தையில்தான் விழுந்தாள். உனக்குத்தான் எல்லாம் தெரியும். அவளைப் பார்த்து அப்படி யாரும் எதைப் பற்றியும் சொன்னது கிடையாது.

கூட்டம் என்றால் உட்கார்வது, உட்கார்வதென்றால் இடது பக்கம் பெண்கள் தரையில். இதைத் தவிர வேறு கூட்டம் அவள் கால்களுக்குத் தெரியாது. ஆகவே மேடை நன்றாகத் தெரிகிற இடம் வந்ததும் பையிலிருந்த துண்டை வாங்கி விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சுற்றி ஒரே ஜீன்ஸ் கால்கள், ஷூக்கள், மண், கடற்காற்றில் உப்பும் கருவாட்டு வாடையும், யாரோ தின்கிற அவித்த கடலையின் வாசனையும். இந்த மண்ணில் முழங்கால் போட்டு ஜெபித்தால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. "யக்கா, எந்திரி. மிதிச்சு உன்னையும் கருவாடாக் காயப் போட்டுருவானுவ" என்றான் சீலாஸ். எவ்வளவு நேரம் நிற்கணும் என்று கேட்டாள். முடிகிற வரைக்கும் என்றான். டிக்கெட்டும் வாங்கி நிக்கவும் செய்யணுமால, இதுக்கு எங்க சபையே தேவலயே, அங்க பாயாவது உண்டு என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை சிரித்தது; கிராப்பு வெட்டிய தலை, மூக்கில் வளையம், மகளைவிடச் சின்னவள். ஆன்ட்டி, கையப் பிடிங்க என்று குனிந்து தூக்கிவிட்டவள் எப்சிபாவின் விரல்களைப் பார்த்து மெஹந்தியா என்று கேட்டாள். இல்லம்மா, திராட்சை. நகக்கண்ணெல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் ஊறிப்போயிருந்தது. நேற்று முழுக்கத் திராட்சை. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அதற்கு ரசம் காய்ச்சுவது பல வருஷமாக எப்சிபாவின் பொறுப்பு. கறுப்புத் திராட்சையைக் காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் அலசி, கையால் பிசைந்து, கொதி வரும்போது நுரையை எடுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஆற வைக்க வேண்டும். பிசையும்போது யாரிடமும் பேசக் கூடாது, ஜெபித்துக்கொண்டே பிசைய வேண்டும் என்பது அவளாக வைத்துக்கொண்ட ஒழுங்கு. நேற்றும் அப்படித்தான் ஆரம்பித்தாள். பாதியில் பார்த்தால் உதடு வேறு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, உப்பே உப்பே என்று. திடுக்கென்று நிறுத்தினாள். பிறகு சட்டியைப் பார்த்தாள், திராட்சை அதுபாட்டுக்கு நசுங்கிக் கிடந்தது, எந்தப் பாட்டுக்கு நசுங்கினோம் என்று அதற்குத் தெரியவில்லை. மறுபடியும் ஆரம்பித்தாள், ஜெபத்தைத்தான், ஆனால் கை அந்தப் பாட்டின் வேகத்திலேயே பிசைந்தது. அந்த ரசத்தில் நாளைக்கு ஒரு மிடறு தனக்குக் கிடைக்குமா கிடைக்காதா. அதுதான் நெஞ்சுக்குள் கிடந்து நெருடியது. காய்ச்சினவளுக்கு ஒரு மிடறு.

கிடைக்க ஒரு வழி இருக்கிறது, சுலபமான வழி, பாஸ்டரம்மாவே சொல்லிக் கொடுத்த வழி. பாஸ்டரம்மா கிரேஸ்மணி கெட்டவர் இல்லை. எப்சிபாவின் முதல் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, விடிய விடிய முழங்காலில் நின்றவர் அவர். எழுந்தபோது முட்டி இரண்டும் வீங்கியிருந்தது. அந்த முட்டியை எப்சிபாவால் மறக்க முடியாது. சனிக்கிழமை ஆயத்த ஜெபத்துக்கு வரமுடியாது என்று புதன்கிழமை சொல்லப் போனபோது, ஏன், உடம்புக்கு ஆகலையா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். உப்பளம் கச்சேரிக்குப் போறேன்ம்மா, தம்பிகூட, என்று இவள் சொல்லிவிட்டாள். பாஸ்டரம்மா முறத்திலிருந்த அரிசியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு, தம்பியை ரட்சிப்புக்குள் கொண்டுவரத்தான் அந்த இடத்துக்குப் போனேன் என்று, சபை ஸ்தோத்திரம் சொல்லிவிடும், முடிந்தது என்றார். இல்லையென்றால் போனது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அப்பம் கிடையாது, ரசம் கிடையாது, கடைசிப் பாய். கடைசிப் பாய் என்பது வாசலை ஒட்டி, செருப்புகளுக்குப் பக்கத்தில் விரிப்பது. அதில் இருக்கிறவரோடு பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனாலும் யாரும் பேசுவதில்லை, பக்கத்தில் போய் உட்காருவதில்லை, அவர்களைத் தாண்டிச் செருப்பு மாட்டும்போது எல்லாரும் தங்கள் காலையே பார்த்துக்கொள்வார்கள். சீலாஸ் பதினாறு வயதில், உப்பளம் கேசட் கேட்டதற்காக, அந்தப் பாயில் இருந்தான். எழுந்து சொல்லு என்றார்கள், எழுந்தான், வாயைத் திறக்கவில்லை, அப்படியே நின்றான், பிறகு பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனவன்தான். பாஸ்டரம்மா சொன்ன வழி நல்ல வழி. யாருக்கும் நோகாது. பொய்யா அது? தம்பி சபைக்குத் திரும்பினால் அவளுக்குச் சந்தோஷம் இல்லையா? அவனுக்காக ஜெபிக்காத நாள் உண்டா? அப்படியானால் பொய் இல்லையே. பாதிப் பொய். பாதி உண்மை. ரசத்தில் பாதி தண்ணீர் கலந்தால் அதை ரசம் என்று ஊற்றுவேனா நான்.

மேடையில் விளக்கு அணைந்தது. ஒரு கணம் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது, அந்த அமைதி அவளுக்குத் தெரிந்த அமைதி, முதல் பாட்டுக்கு முன்னால் எங்கள் கூடத்தில் வருகிற அதே அமைதி. அவள் கை தானாகப் போய் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுவிட்டது. டிரம் விழுந்தது. காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது, ஏழாம் மாசத்துப் பிள்ளை உள்ளே புரள்கிற மாதிரி ஒரு உதை. "என்ன யக்கா முக்காடு? கல்யாணப் பொண்ணா, போலீஸ்ல மாட்டினவளா?" என்று சீலாஸ் காதுக்குள் கத்தினான். காத்தடிக்குல்லால, சும்மா கிட என்றாள். முக்காட்டை எடுக்கவில்லை. வெளிச்சம் சிவப்பாகவும் நீலமாகவும் மாறி மாறிச் சேலையில் விழுந்தது, வெள்ளையில் எல்லா நிறமும் ஒட்டும், நீலச் சேலை உடுத்தியிருந்தால் இது வாய்த்திருக்காது. அப்போதுதான் அந்தப் பழைய பயம் வந்தது, சின்னப் பிள்ளையில் வந்த அதே பயம். இந்த நேரத்தில் வருகை இருந்தால்? கர்த்தர் வருகிற நேரத்தில் சினிமாக் கொட்டகையில் இருந்தால் கைவிடப்படுவாய் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அம்மாவின் செருப்பு கிடந்தது, எல்லாரும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள், நான் மட்டும் நின்றுவிட்டேன் என்று தெருவில் நின்று அலறினாள். அம்மா பின்பக்கம் குழாயடியில்தான் இருந்தாள். அந்த அலறல் இன்னும் உள்ளே எங்கோ நின்றுகொண்டுதான் இருக்கிறது. எப்சிபா மேடைக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். துறைமுகத்துக் கிரேனின் சிவப்பு விளக்கு. இரண்டு பறவை. மேற்கே இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு பாக்கி இருந்தது. அவர் வருகைக்கு எக்காளம் ஊதினால் இந்தச் சத்தத்தில் காதில் விழுமா என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது, பயத்துக்கு நடுவில் சிரிப்பு. வந்தால் வரட்டும். இங்கேதான் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாதா? வீட்டிலிருந்து கிளம்பும்போது அவரிடம் சொல்லிக்கொண்டுதானே வந்தேன். ஆண்டவரே, போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை, வாரும் போவோம் என்றுதான் சொன்னேன். எந்த இடத்துக்குப் போனாலும் அப்படித்தான் சொல்வேன், ரேஷன் கடைக்கும் அப்படித்தான், இதுக்கு மட்டும் அவரை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வர முடியுமா.

இரண்டாவது பாட்டு முடிந்த இடத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. பாடுகிறவர் கடைசிச் சொல்லை நீட்டி, நீட்டி, அறுத்தார். கைதட்டல் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. எங்கள் கூடத்தில் அந்த இடைவெளி ஒருவருக்குச் சொந்தமானது, பாட்டு முடிந்ததும் யாராவது நிரப்பியே ஆக வேண்டும், பெரும்பாலும் எப்சிபாதான் நிரப்புவாள். நிரப்பிவிட்டாள். "ஸ்தோத்திரம்!" நல்ல கணீரென்று, நெஞ்சைத் திறந்து. முன்னால் நின்ற அத்தனை தலையும் திரும்பியது. எப்சிபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், காது மடல் எரிந்தது, ஐயோ, இதைப் போய் எங்கே சொன்னேன், சீலாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், எழுத்தெல்லாம் குலுங்குகிறது. கிராப்புத் தலைப் பெண் மட்டும் திரும்பிப் பார்த்து, கேலியில்லாத முகத்தோடு, அதேமாதிரி கணீரென்று ஸ்தோத்திரம் என்று திருப்பிச் சொன்னது. அதற்குப் பக்கத்தில் இருந்த பையன்கள் சொன்னார்கள். அடுத்த பாட்டு முடிந்ததும் அந்த வரிசையே காத்திருந்து சொன்னது. விளையாட்டுக்குத்தான், அவளுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஒரு பீப்பி மாதிரி. ஆனாலும் மூன்றாவது தடவை அது இருட்டுக்குள் எழும்பி வந்தபோது அவளுக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. எங்கிருந்து சொன்னால் என்ன, போய்ச் சேருகிற இடம் ஒன்றுதானே. சேருமா? சேராமல் எங்கே போகும்.

கிட்டார்காரருக்குக் கம்பி அறுந்து, மாற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் ஓய்வு. சீலாஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான், குடித்தாள், அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நாளைக்கு என்ன செய்வ என்றான். இவனுக்கு யார் சொன்னார்கள்? ஒன்றும் சொல்லவில்லையே. அந்தப் பாயில் உட்கார்ந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டாமோ. முதல் ஞாயிறு வருகிறது என்று அவனுக்கும் நாள் தெரியும், இத்தனை வருஷம் கழித்தும் தெரியும். அவன் மேடையைப் பார்த்துக்கொண்டே, ஏதோ ஸ்பேனர் எடுத்துக் கொடு என்று சொல்கிற குரலில் சொன்னான்: "எம்மேல போடு யக்கா. குடிச்சிட்டு வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லு. நான் எப்பிடியும் வெளிய கிடக்கவன்தான, எனக்கு என்ன கொறையப் போகுது." அவன் குடிப்பதில்லை. அப்பா குடித்ததைப் பார்த்தவன், வாயில் தொட்டதில்லை. அதையும் சேர்த்து அவன் தன் தலையில் வைத்துக்கொள்கிறான், அக்காவுக்கு ஒரு மிடறு ரசத்துக்காக. எப்சிபா பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். அப்பா ஞாபகம் வந்தார். உப்புக் குடோனில் மூட்டை தூக்கினவர், குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தவர், ஒரு நாள் சபைக்குள் வந்தார், அதோடு பாட்டிலும் நின்றது, அடியும் நின்றது. இதை எந்தக் கச்சேரி செய்தது? சபைதான் செய்தது. அதை அவள் ஒரு நாளும் மறுக்க மாட்டாள். அதே அப்பாதான் சீலாஸின் கேசட்டுகளைக் கண்டுபிடித்த அன்றைக்கு முற்றத்தில் போட்டுக் கல்லால் உடைத்தார், அழுதுகொண்டே உடைத்தார், ஆண்டவரே என் பிள்ளையைக் காப்பாற்றும் என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டு. உள்ளே இருந்த நாடாவை உருவி உருவி எறிந்தார். காற்றில் அது போய் முருங்கைமரத்தில் சுற்றிக்கொண்டது. அப்புறம் வெகுநாள் முருங்கை முழுக்கப் பழுப்பு நாடா வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, அப்பா ஏறிப் பறிக்கப் பறிக்கக் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருந்தது. மறுநாள் மத்தியானம் அம்மா உப்பளத்து வேலையிலிருந்து வந்து, குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்து, வெடிப்புகளில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பிளந்த கால், பாளம் பாளமாக, உப்பு ஏறி வெளுத்த கால். அப்பா வீட்டில் இல்லை. அம்மா தலை நிமிராமல் கேட்டாள்: "ஏட்டி, அந்தப் பாட்டு எப்பிடிட்டி போகும்? காலப் பத்தி ஒண்ணு வருமே."

அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெல்லப் பாடினாள். உப்பே உப்பே, எங்கம்மா காலைத் தின்ன உப்பே, நீ வெள்ளையா இருந்தா எனக்கென்ன. அம்மா ஒரு தரம் சிரித்தாள். தன் காலைப் பார்த்து, பாட்டுல வந்துட்டியே என்று அதனிடம் சொன்னாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள், அதைப் பற்றி அப்புறம் ஒரு பேச்சும் இல்லை, சாகும் மட்டும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த ஊரில் எத்தனை பாட்டு, எத்தனை ஆராதனை, அம்மாவின் காலை ஒருவரும் பாடினதில்லை. அந்த நாலு பையன்கள் பாடினார்கள்.

மேடையில் டிரம்காரர் தனியாக ஆரம்பித்தார். கிட்டார் இல்லை, குரல் இல்லை, அடி மட்டும். இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மூன்றாவது அடி கொஞ்சம் பிந்தி, வேண்டுமென்றே பிந்தி, வரமாட்டானோ என்று நினைக்கும்போது வந்து விழுகிற அடி. கூட்டம் ஓவென்று இரைந்தது, உப்புப் பாட்டு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எப்சிபாவின் வலது கை இடது உள்ளங்கையில் அந்த அடியைப் போட்டுக்கொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அவள் குனிந்து கையைப் பார்த்தாள். இது என் அடி. ஞாயிற்றுக்கிழமை அடி. சபையில் தம்புரு வாசிக்கிறவள் அவள்தான், கையால் தட்டுகிற, சிங்கி கோத்த வட்டத் தம்புரு, கல்யாணமான நாளிலிருந்து அது அவள் கையில்தான். எப்சிபா தம்புரு எடுத்தால் ஆவி இறங்கும் என்று எல்லாரும் சொல்வோம். வெளியூர் ஊழியக்காரர்கள் வந்தால் பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார்கள், இந்த மூன்றாவது அடியைப் பிந்திப் போடுகிற வழக்கம் எந்தச் சபையிலும் இல்லையே, யார் கற்றுக்கொடுத்தது என்று. கர்த்தர்தான் என்பாள். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், பொய் சொல்லவில்லை. ஒரு துதிப் பாட்டின் நடுவே கை தானாக அப்படிப் போனது, விட்டுவிட்டாள், அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது தெரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சீலாஸ் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பான், இந்தப் பக்கம் அவள் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், துவைகல்லில் விழுந்த அடி அது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், பிந்தி ஒன்று. முப்பது வருஷமாக எங்கள் சபை முழுக்க, பாஸ்டர், பாஸ்டரம்மா, முட்டி வீங்க ஜெபிக்கிற மூப்பர்கள், பிள்ளைகள், எல்லாரும் உப்பளத்தின் அடிக்குக் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். கண்ணீர் விட்டிருக்கிறோம். குணமாயிருக்கிறோம். அவளுக்கு முதலில் காலுக்குக் கீழே மண் நகர்ந்தது. இது பிசாசின் பாட்டு என்றால், அங்கே இறங்கினது யார்? அங்கே இறங்கினது கர்த்தர் என்றால், அப்பா கல்லைத் தூக்கி எதை உடைத்தார்? நினைப்பு அந்த இடத்தில் சிக்கிக்கொண்டு, போய்ப் போய் அங்கேயே முட்டியது, கதவில் முட்டுகிற கோழி மாதிரி. திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சரியாக இல்லை. மூன்றாவது அடி பிந்தி விழுந்தது. அப்புறம் அவள் யோசிப்பதை விட்டுவிட்டாள். உடம்புக்குள் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது, குதிகாலிலிருந்து, அம்மாவின் வெடித்த குதிகாலிலிருந்து. குடுக்கிறவர் எந்தச் சுவர் வழியாக வேண்டுமானாலும் குடுத்துவிட்டுப் போகட்டும். வாங்கினது என் கை. இந்தக் கையை நாளைக்கு நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

பாட்டு வந்தது. உப்பே உப்பே. கறுப்புச் சட்டைகள் எல்லாம் இரண்டு கையையும் தூக்கினார்கள், அவளும் தூக்கினாள், கை தூக்குவதில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த மைதானத்திலேயே அதிகம் பழகின கை அவளுடையதுதான். முக்காடு நழுவிவிட்டது, சரி செய்யவில்லை. கத்திரிப்பூ நிறத்து விரல்களில் சிவப்பு வெளிச்சம் பட்டு எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறமானது. எல்லா வரியும் தெரிந்திருந்தது, ஒரு சொல்லும் மறக்கவில்லை. எங்கம்மா காலைத் தின்ன உப்பே. சீலாஸ் பாடவில்லை, அக்கா பாடுவதையே பார்த்துக்கொண்டு நின்றான், பதினாறு வயதில் வாயைத் திறக்காமல் நின்றானே அந்த மாதிரியே நின்றான், கன்னம் மட்டும் நனைந்திருந்தது. நீ வெள்ளையா இருந்தா எனக்கென்ன என்ற இடத்தில் எப்சிபா தன் சேலையைப் பார்த்தாள், துறைமுகத்து விளக்கைப் பார்த்தாள், பிறகு தம்பியின் காதைப் பிடித்து இழுத்து அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள்: "ஏல, உம்மேல போட மாட்டேன். எனக்குப் பிடிச்சிருந்துது, வந்தேன். இத ஒருத்தன் மேலயும் போட மாட்டேன், கேட்டியா?" கேட்டேன் என்று தலையை ஆட்டினான். பாட்டு முடிந்தது. இடைவெளி வந்தது. அந்த வரிசை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது. இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளாமல், நிதானமாக மூச்சிழுத்து, ஸ்தோத்திரம் என்றாள்.

மறுநாள் சாட்சி நேரத்தில் அவள் எழுந்ததை நானே பார்த்தேன். பாஸ்டரம்மா முன்வரிசையிலிருந்து திரும்பி, சொல்லு சொல்லு என்று கண்ணாலேயே ஊக்கிக்கொண்டிருந்தார். நேற்று உப்பளம் கச்சேரிக்குப் போனேன் என்றாள் எப்சிபா. அந்தப் பாட்டு எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே பிடிக்கும், தம்பி கூப்பிட்டான், சந்தோஷமாப் போனேன், சந்தோஷமா வந்தேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். பழக்க தோஷத்தில் கூடத்தில் பாதிப் பேர் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு ரசம் அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் காய்ச்சின ரசம், வாசனை அவள் வரைக்கும் வந்திருக்கும். இப்போது அவள் கடைசிப் பாயில் இருக்கிறாள். எந்த ஞாயிறும் தவறுவதில்லை, வெள்ளைச் சேலை, நிமிர்ந்த முதுகு. எவ்வளவு நாளைக்கு இப்படி என்று பாய் சுருட்டும்போது கேட்டேன். அவங்களுக்கு அலுக்கிற வரைக்கும், எனக்கு அலுக்காது என்றாள். தம்புருவை வேறொரு பிள்ளை கையில் கொடுத்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைதான், ஆனால் மூன்றாவது அடியில் அவசரப்பட்டுவிடுகிறது, பாட்டு தடுக்குகிறது. அப்போது வாசல் பக்கமிருந்து, தரையில் விரலால் தட்டுகிற சத்தம் மெல்லக் கேட்கும். பெண்கள் பக்கம் அத்தனை பேரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கைதட்டுகிறோம். பாஸ்டரம்மா உட்பட. அங்கே பாயில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. எங்கள் சபைக்கு நீங்கள் யாராவது வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாயிலேயே உட்காருங்கள்; முடிந்தால் கையில் அவளுக்கு ஒரு தம்புரு கொண்டுவாருங்கள், பழசாக இருந்தாலும் போதும்.